காக்பிட் கட்டும் பிள்ளையைத் திட்டாதீர்கள்!

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982-லேயே வந்துவிட்டது. கீபோர்டைத் தட்டி ஓட்டுவதில் சில பிள்ளைகளுக்குத் திருப்தி இல்லை. பிளைவுட், பி.வி.சி. பைப், பழைய கார் சீட், சுவிட்சுகள் எல்லாம் சேர்த்து விமானி அறையையே வீட்டில் கட்டிவிடுகிறார்கள். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்குமே, அதே சாமான்தான் இங்கே இன்ஜின் லீவருக்கு அடியில் இருக்கும். லீவர் எவ்வளவு நகர்ந்தது என்பதை ஆர்டுயினோ என்ற சின்ன மின்பலகை கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும்.

"படிக்கிற வயசுல இது எதுக்கு டாக்டரய்யா? பணமும் போச்சு, தூக்கமும் போச்சு!" என்று புலம்பும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: கட்டுவதைத் தடுக்காதீர்கள், உட்காருவதற்கு மட்டும் கணக்கு வையுங்கள்.

'வெறும் விளையாட்டு' என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ஆர்கன் என்ற இசைக்கருவி செய்யும் குடும்பத்துப் பிள்ளை எட்வின் லிங்க். ஆர்கனின் காற்றுத்துருத்திகளை வைத்தே, சாய்ந்து திரும்பும் பயிற்சி விமானம் ஒன்றை 1929-ல் செய்தார். முதலில் அது கேளிக்கைப் பூங்காக்களில்தான் விலைபோனது. 1934-ல், மோசமான வானிலையில் தபால் விமானம் ஓட்டிய ராணுவ விமானிகள் பலர் இறந்த பிறகு, அமெரிக்க ராணுவம் அதில் 6 வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் அதில் பழகினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஓசூர் பக்கம் பேலகொண்டப்பள்ளியில் சிறிய விமானங்களே கட்டியிருக்கிறார்கள். 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும்வரை அது நம் தர்மபுரி மாவட்டம்தான்.

அளப்பது, அறுப்பது, குனிந்து நிமிர்வது எல்லாம் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. ஓட்ட உட்கார்ந்த பிறகுதான் வினை. அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம் எல்லாம் அதில் சேர்த்தி. சென்னையிலிருந்து டில்லிக்கு 'ஓட்டும்' பிள்ளை இரண்டரை மணி நேரம் இவற்றை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால், நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் கழுத்து வலியும் வராமல் என்ன செய்யும்? முக்கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கட்டும். திரை கண்மட்டத்தில் இருக்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் 'விமானம்' கிளம்பக் கூடாது.

சிலருக்குக் குமட்டும். 'விமானம் சாய்கிறது' என்கிறது கண். 'நாற்காலி அசையவே இல்லையே' என்கிறது உள்காது. இந்தச் சண்டையில்தான் தலை சுற்றுகிறது. உடனே நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு துண்டு இஞ்சி மெல்லலாம்.

முக்கியமான எச்சரிக்கை: சால்டரிங் புகை ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. சாதாரண சால்டர் கம்பியில் ஈயமும் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. சமையல் மேடையிலும், கைக்குழந்தை இருக்கும் அறையிலும் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கோபத்தில் பிளைவுட்டைத் தூக்கி எறிந்தீர்களானால், அந்தக் கை அடுத்து எதைத் தேடும்? செல்போனைத்தான்! ஆசைப்படுவது பையனானாலும் பெண்ணானாலும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஸ்க்ரூ டிரைவரோடு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எழுந்திரு என்று நீங்கள் சொன்னால் அப்போது கேட்பார்கள்.