பால் கட்டினா பாலை நிறுத்தாதீங்க. வெறும் "காய்ச்சல்"னு சொல்லிட்டுப் போகாதீங்க

1/
பிள்ளை பெத்து சில வாரமே ஆன பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தா வீட்ல முதல்ல என்ன சொல்லுவாங்க?

"பிள்ளைக்குப் பால் குடுக்காதே, காய்ச்சல் ஏறிடும்."

மார்பு சிவந்து வீங்கியிருந்தா, "அந்தப் பால் கெட்டுப்போச்சு, பீய்ச்சிக் கீழ ஊத்து."

ரெண்டுமே அக்கறையில சொல்றதுதான். ஆனா ரெண்டுமே தப்பு. மாத்திரையில முடிய வேண்டிய விஷயம் சீழ் எடுக்கிற வரைக்கும் போறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு காரணம் ஓபியில இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

2/
முதல்ல, என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

பிரசவமான 3 முதல் 5 நாளுக்குள்ள பால் சுரப்பு கூடும்போது ரெண்டு மார்பும் கல்லு மாதிரி கனத்து வலிக்கும். இதுதான் பால் கட்டு. பிள்ளை கேட்கும்போதெல்லாம் பால் குடுத்தா பெரும்பாலும் ஓரிரு நாள்ல தணிஞ்சிடும்.

சில பேருக்கு ஒரு பக்கம் மட்டும், ஒரு இடத்துல தடிச்சுச் சிவந்து, தொட்டாலே வலிக்கும். பால் நாளங்களைச் சுத்தி வீக்கம் வந்து பால் வர்ற வழி குறுகிப்போச்சுன்னு அர்த்தம்.

அதோட குளிர் நடுக்கம், காய்ச்சல், அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி சேர்ந்தா மார்பக அழற்சி. நாங்க மாஸ்டைடிஸ்னு சொல்லுவோம். சில பேருக்கு இது வெறும் வீக்கம். சில பேருக்குக் கிருமித் தொற்று.

அதையும் கவனிக்காம விட்டா சீழ்க்கட்டி.

இதெல்லாம் ஒரே பஸ் ரூட்ல அடுத்தடுத்து வர்ற ஸ்டாப் மாதிரி. எவ்வளவு சீக்கிரம் இறங்குறீங்களோ அவ்வளவு நல்லது.

3/
இப்போ பாலைத் திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்?

சுரக்கிற பால் உள்ளேயே தேங்கும். வீக்கம் கூடும். சீழ்க்கட்டி வர்ற வாய்ப்பும் கூடும். நோயைத் தடுக்கிறோம்னு நினைச்சு அதை வளர்க்கிறோம்.

"அந்தப் பால் பிள்ளைக்கு ஆகாதே டாக்டர்?"

ஆகும். அழற்சி இருக்கிற மார்புல பால் கொஞ்சம் உப்புக் கரிக்கலாம், அதனால பிள்ளை முகத்தைத் திருப்பலாம். அதைப் பார்த்துட்டு "பிள்ளைக்கே தெரியுது பாரு, பால் கெட்டுப்போச்சு"ன்னு சொல்லாதீங்க. பால் கெடலை. திரும்பத் திரும்ப வெச்சுப் பாருங்க. குடிக்கவே மாட்டேங்குதுன்னா அந்த வேளைப் பாலைக் கையால பீய்ச்சி எடுங்க.

ஒரு விதிவிலக்கு: எச்.ஐ.வி. இருக்கிற தாய்மார்கள். அவங்க உடனே ஏ.ஆர்.டி. மையத்துல கேட்டு, அவங்க சொல்றபடி செய்யணும்.

4/
இதுக்கு நேர் எதிரான தப்பும் நடக்குது. "முழுசா காலி பண்ணிடணும்"னு பம்ப் வாங்கி வெச்சு மணிக்கணக்கா எடுக்கிறது.

எடுக்க எடுக்க உடம்பு இன்னும் சுரக்கும். வீக்கமும் வலியும் கூடும். பிள்ளைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும்.

5/
அடுத்தது, எண்ணெயைக் காய்ச்சித் தடவி, கட்டி கரையணும்னு கட்டை விரலால அழுத்தித் தேய்க்கிறது. அந்தப் பெண் பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுதுட்டு இருப்பா.

தயவுசெஞ்சு வேண்டாம். ஏற்கெனவே வீங்கியிருக்கிற திசுவை நசுக்கினா இன்னும்தான் வீங்கும். பழைய பாடப்புத்தகங்கள்லயே சூட்டு ஒத்தடமும் மசாஜும் இருந்துச்சு, உண்மைதான். ஆனா 2022ல தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு, அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின், தன் வழிகாட்டுதலை மாத்திடுச்சு. அழுத்தித் தேய்க்காதே, குளிர் ஒத்தடம் குடு, தேவைக்கு மேல பம்ப் பண்ணாதே. சாராம்சம் இதுதான்.

6/
"பச்சை உடம்புக்காரிக்குக் குளிர்ச்சியா? ஜன்னி வந்துடும். பிள்ளைக்குச் சளி பிடிக்கும்."

மார்புக்கு மேல துணியில சுத்துன ஐஸை 10 நிமிஷம் வெச்சா ஜன்னி வராது. பால் உள்ள உடம்புச் சூட்டுலதான் இருக்கு, பிள்ளைக்குச் சளியும் பிடிக்காது. கால் உளுக்கினா ஐஸ் வைக்கிறோம்ல? அதே கணக்குதான்.

7/
மல்லிகைப்பூ வெச்சுக் கட்டுறது பத்தியும் சொல்லணும். அது மூடநம்பிக்கை இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதை ஆராய்ந்து 1988ல கட்டுரையே வெளியிட்டிருக்காங்க. பூ கட்டினா பால் சுரப்பு குறையுது.

அதனாலதான் சொல்றேன், அது பாலை நிறுத்த வேண்டியவங்களுக்கான வழி. பிள்ளைக்குப் பால் வேணும்ங்கிற வீட்ல, கட்டு கரையட்டும்னு பூ வெச்சுக் கட்டாதீங்க.

8/
மாத்திரை.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் எடுத்துக்கலாம், பால் குடுக்கலாம். ஐபுபுரூஃபனும் அப்படித்தான். ஆனா அல்சர், சிறுநீரகப் பிரச்சனை, ஆஸ்துமா இருக்கிறவங்க கேட்டுட்டு எடுங்க.

ஆன்டிபயாடிக்கை மெடிக்கல்ல நீங்களா கேட்டு ரெண்டு நாளைக்கு வாங்கிப் போடாதீங்க. கிருமித் தொற்றுன்னா வழக்கமா 10 முதல் 14 நாள் வரைக்கும் மருந்து தேவைப்படும். பால் குடுத்துக்கிட்டே சாப்பிடக்கூடிய மருந்து இருக்கு. காய்ச்சல் விட்டதும் பாதியில நிறுத்தக் கூடாது.

9/
எப்போ ஆஸ்பத்திரிக்கு வரணும்?

24 மணி நேரத்துல வலியும் காய்ச்சலும் குறையலைன்னா.

குளிர் நடுக்கம், சிவப்பு வேகமா பரவுறது, காம்புல சீழ், தொட்டா மெத்துனு ஆடுற கட்டி, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே வாங்க.

சீழ்க்கட்டின்னாலும் பயப்படாதீங்க. ஸ்கேன் பார்த்து ஊசி வழியாவே சீழை எடுக்க நிறைய பேருக்கு முடியுது. அப்பவும் பெரும்பாலும் பால் குடுக்கலாம்.

வைத்தியம் முடிஞ்சும் கட்டி கரையலைன்னா "பால் கட்டுதானே"ன்னு விடாதீங்க. ஸ்கேன் எடுக்கணும்.

10/
இப்போ ஓபி கதை.

என்னை மாதிரி ஒரு ஆண் டாக்டர் உட்கார்ந்திருக்கார். பின்னாடி பெரிய வரிசை. பக்கத்துல மாமியாரோ தம்பியோ. அந்தப் பெண் "காய்ச்சல், உடம்பு வலி"ன்னு மட்டும் சொல்றாங்க. மார்பு வலிக்குதுன்னு சொல்ல வாய் வரலை. காய்ச்சல் மாத்திரை வாங்கிட்டுப் போயிடுறாங்க. அப்படியே நாலஞ்சு நாள் ஓடிடுது.

இதுக்கு அந்தப் பெண்ணைக் குத்தம் சொல்ல முடியாது. பால் குடுக்கிற தாய் காய்ச்சல்னு வந்தா "மார்பு வலிக்குதாம்மா?"ன்னு கேட்க வேண்டியது டாக்டர் வேலை. பரிசோதனைக்கு மறைவான இடமும் பெண் செவிலியரும் இருக்கணும். இதை எங்க ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஆனா யாரும் கேட்கலைன்னாலும் நீங்க சொல்லுங்க. "பால் குடுக்கிறேன், மார்பு வலிக்குது." நாலு வார்த்தைதான். லேடி டாக்டர் வேணும்னு கேளுங்க. கேட்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. வெளியே வர முடியலைன்னா கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது காட்டுங்க. 104க்குக் கூப்பிட்டும் கேட்கலாம்.

11/
காம்பு வெடிச்சிருந்தா பிள்ளை மார்பைப் பிடிக்கிற விதத்தைச் செவிலியர்கிட்ட காட்டுங்க. வாய் நல்லா திறந்து, காம்பை மட்டும் இல்லாம சுத்தியிருக்கிற கருவளையத்தையும் சேர்த்துப் பிடிக்கணும். தாடை மார்புல படணும், கீழுதடு வெளியே மடங்கியிருக்கணும். பிடிப்பு சரியானா பல பேருக்குப் பாதி வலி அங்கேயே போயிடும்.

12/
கடைசியா, வீட்ல இருக்கிறவங்களுக்கு.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் "பிள்ளை நல்லா பால் குடிக்குதா?"ன்னுதான் கேட்கிறாங்க. பால் குடுக்கிறவளுக்கு வலிக்குதான்னு யாரும் கேட்கிறதில்லை.

கணவர்களே, இன்னைக்கு ராத்திரி அந்தக் கேள்வியை நீங்க கேளுங்க. வலிக்குதுன்னு சொன்னா, விடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க.