வத்துகாமத்து மலையில் நாற்சக்கரப் பாய்ச்சல்

மோட்டார் சைக்கிளின் கைப்பிடி, ஜீப்பைப் போல் நான்கு சக்கரம், குதிரைச் சேணம் போன்ற ஆசனம். இம்மூன்றையும் ஒன்றாக்கிச் செய்ததுதான் ‘குவாட்’ என்று சொல்லப்படும் வண்டி. அதிலும் ‘ஸ்போர்ட் குவாட்’ என்பது தனி ரகம். சுமை ஏற்ற அதில் இடமில்லை. இன்னொருவர் அமரவும் இடமில்லை. பாய்வதும் துள்ளுவதுமே அதன் தொழில்.

2020 மார்ச்சில் இலங்கை விதித்த வாகன இறக்குமதித் தடை, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் தளர்த்தப்பட்டது. அதன் பின்னர் மலைநாட்டில் உல்லாசப் பயணத் தொழில் செய்யும் நண்பர்களைச் சந்திக்கும்போதெல்லாம் இந்த வண்டியின் பேச்சு வருகிறது. தேயிலைச் சரிவுகளில் ‘சாகச ஓட்டம்’ நடத்தலாம், வெளிநாட்டவர் டொலரில் கட்டணம் செலுத்துவர், வேலையற்ற இளைஞர் சிலருக்குப் பிழைப்பும் கிடைக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. அக்கணக்கு முற்றிலும் பிழையன்று. ஆனால் அதில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. வண்டி ஓடப்போகும் பாதை யாருடையது என்பதே அந்த வரி.

முதலில் வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை மந்தமாகிறது, அப்போதும் விற்கக்கூடிய ஒன்றைத் தாருங்கள் என்று அமெரிக்க வியாபாரிகள் ஜப்பானின் ஹொண்டா நிறுவனத்திடம் கேட்டார்கள். அதற்கு விடையாக 1970இல் சந்தைக்கு வந்தது, பலூன் போன்ற பருத்த டயர்களையுடைய முச்சக்கர வண்டி. மறு ஆண்டே ஜேம்ஸ் பொண்ட் படமொன்றில் அது தோன்றியது. 1980களின் தொடக்கத்தில் சுசுகி நிறுவனம் நான்காவது சக்கரத்தைச் சேர்த்தது. 1985இல் அதே நிறுவனம் பந்தயத்துக்கென்றே ஒரு குவாட்டை வெளியிட்டது. யமஹாவும் ஹொண்டாவும் பின்தொடர்ந்தன. பண்ணையில் தீவனம் சுமக்கும் வண்டியும் மணல்மேட்டில் பறக்கும் வண்டியும் அவ்வாறு இரண்டு கிளைகளாகப் பிரிந்தன. இப்பதிவு இரண்டாம் கிளையைப் பற்றியது.

அண்மையில் அத்தகைய புதிய வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இடம் வத்தேகம. தோட்டத்து மக்களின் வாயில் அது வத்துகாமம். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ரயில் பாதையில் உள்ள சிறு நகரம். அங்கிருந்து பன்விலைக்கும் மடுல்கலைக்கும் வீதி ஏறுகிறது. அவ்வீதிக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் ஓட்டம். வண்டி நண்பர் ஒருவருடையது. அதன் பெயரோ தோட்டத்தின் பெயரோ இங்கு தேவையில்லை.

தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு எல்லாம் அணிவித்த பிறகு மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டினார் நண்பர். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுவிடும். வேகம் கூட்டுவதற்குக் கைப்பிடியை முறுக்க வேண்டியதில்லை; வலது கட்டைவிரலால் ஒரு சிறு நெம்பை அழுத்தினால் போதும். அந்தக் கட்டைவிரலின் கீழே எத்தனை வலு அடங்கியிருக்கிறது என்பது முதல் பத்து அடியிலேயே தெரிந்துவிடுகிறது.

நால்வகை நிலத்தில் ஓடினோம். முதலாவது தோட்டத்து மேட்டில் எஞ்சியிருந்த தார்த் துண்டு. காற்றழுத்தம் மிகக் குறைந்த அந்த டயர்களுக்குத் தார் ஒத்துவரவில்லை, வண்டி அலைபாய்ந்தது. இரண்டாவது கருங்கல் பதித்த பழைய தோட்டப் பாதை. ஜீப்பில் போனால் முதுகெலும்பை எண்ணிப் பார்க்க வைக்கும் பாதை அது. குவாட்டோ கற்களை விழுங்கிக்கொண்டு போனது. நீண்ட சுருள்வில்கள் மேலும் கீழும் ஆட, ஆசனம் அமைதியாகவே இருந்தது. மூன்றாவது முழங்கால் அளவு நீர் ஓடிய ஓடை. அதனையும் தயக்கமின்றிக் கடந்தது. நான்காவது கைவிடப்பட்ட தேயிலை மலை. மானாப்புல் மண்டிய செங்குத்துச் சரிவு. உடலை முன்னே சாய்த்து எழுந்து நின்றால் ஏறுகிறது. சோம்பி உட்கார்ந்தால் முன்சக்கரம் வானத்தைப் பார்க்கிறது. இந்த வண்டியில் ஓட்டுபவரின் உடல் எடையும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு. இன்பமான அனுபவம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி, வண்டி கடந்துபோன பின் நிலத்தில் எஞ்சியதைப் பார்க்க வேண்டும். ஸ்போர்ட் குவாட்டின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டவை. வளைவில் வெளிச்சக்கரம் விரைந்தும் உட்சக்கரம் தாமதித்தும் சுழல்வதற்குக் காரில் உள்ள ஏற்பாடு இதில் இல்லை. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் ஒரு சக்கரம் சறுக்கியே தீரவேண்டும். சறுக்கும் சக்கரம் மண்ணை அரைக்கும். இது ஓட்டுபவரின் குற்றமன்று. வண்டியின் அமைப்பே அப்படி. மணல்மேட்டில் அதனால் கேடில்லை, காற்று தடத்தை மூடிவிடும். தேயிலை மலையில் மூடுவதற்கு யாருமில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் ‘கான்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தொலைதேசங்களில் வாழும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மலைச்சரிவில் விழும் மழை நேராகக் கீழே பாய்ந்து மேல்மண்ணை அள்ளிச் செல்லாதபடி, சரிவுக்குக் குறுக்கே வெட்டப்படும் வாய்க்காலே கான். கான் வெட்டுவதும் துப்புரவு செய்வதும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் தோட்ட வேலை. கான் குறுக்கே ஓடுகிறது. குவாட்டின் தடம் மேலிருந்து கீழே இறங்குகிறது. நாங்கள் நாலைந்து முறை கடந்த இடத்தில் கானின் விளிம்பு உடைந்து உள்ளே சரிந்திருந்தது. அடுத்த மழையில் தண்ணீர் கானை விட்டு எங்கள் தடத்தில் இறங்கும். இன்று விரல் ஆழமுள்ள தடம் சில பருவங்களில் ஆளுயரப் பள்ளமாகக்கூடும்.

அந்த மண் எங்கே போகும்? ஹுலு கங்கையில் இறங்கும். ஹுலு கங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 122 மீற்றர் உயர அணைக்கட்டும் 210 மெகாவாட் மின்நிலையமும் உள்ள நீர்த்தேக்கம் அது. மேட்டில் ஒருவர் டொலர் கொடுத்துக் கிளப்பும் சேறு, நாடு கட்டிய அணையின் அடியில் படிகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளுக்குச் செய்ததை எவரும் மறந்திருக்க முடியாது. நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு குடியிருப்புகளை விழுங்கியது. குவாட் வண்டியால் மலை சரிந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த மழைக்கு முன் ஒரு சக்கரத் தடம் எம்மாத்திரம்? ஆனால் இத்தனை உயிர்களைக் காவுகொண்ட சரிவுகளில், தண்ணீருக்குப் புதிய வழி வெட்டிக் கொடுக்கும் விளையாட்டை எவ்வித விதியுமின்றி அனுமதிப்பது அறிவுடைமையாகாது.

வத்தேகமவுக்கு மேலே எழுவது நக்கிள்ஸ் மலைத்தொடர். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டை அழிக்கலாகாது என்று, கோப்பிப் பயிருக்காக மலைகளை மொட்டையடித்த பிரித்தானிய ஆட்சியே 1873இல் தடை போட்டது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இலங்கையின் மத்திய மலைநாடு இடம்பெற்றபோது, அதன் மூன்று பகுதிகளுள் ஒன்றாக நக்கிள்ஸும் சேர்ந்தது. எழுத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் 2022 ஒக்டோபரில் யால தேசிய பூங்காவுக்குள் சொகுசு ஜீப்புகள் தாறுமாறாக ஓடிய காட்சிகள் சமூக ஊடகங்களில் பரவியதையும், அதன் பின்னர் கைதுகள் நடந்ததையும் நாம் பார்த்தோம். வாயிலும் காவலரும் உள்ள பூங்காவிலேயே நிலைமை அது. வாயிலே இல்லாத தோட்டச் சரிவை யார் காப்பது?

காடும் மண்ணும் ஒருபுறம் இருக்கட்டும். மனிதர்களைப் பற்றியும் பேசவேண்டும்.

கருங்கல் பாதையில் நாங்கள் வந்துகொண்டிருந்தபோது, கொழுந்துச் சாக்குகளைத் தலையில் சுமந்த பெண்கள் இயந்திர ஓசை கேட்டு மேட்டில் ஏறி ஒதுங்கினார்கள். நாங்கள் இயந்திரத்தை நிறுத்தினோம். லயத்து முற்றத்திலிருந்து இறங்கி வந்த முதியவர் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஐயா, இந்த ரோட்டுல ஆம்புலன்சு வராதுன்னு சொன்னாங்க. இது மட்டும் எப்புடிங்க வந்துச்சு?”

அவர் குத்திப் பேசவில்லை; உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். சுருள்வில்லின் நீளத்தையும் டயரின் பருமனையும் காட்டி விளக்கியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது இயந்திரவியல் அன்று. நமக்குச் சாகசமாக வாய்த்த கரடுமுரடு, அவருக்கு நோயாளியைக் கொண்டுசெல்ல வேண்டிய வழி. விளம்பரத்தில் ‘சவாலான நிலம்’ என்று புகழப்படுவது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மழையில் நடக்கும் பாதை.

இந்தப் பாதைகள் தாமாக உண்டானவையல்ல. தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, பசியிலும் கொள்ளைநோயிலும் மாண்டவர் போக எஞ்சியவர்கள் கோப்பிக் காலத்தில் வெட்டிய பாதைகள். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. தேயிலை வந்தது. 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பாதை மட்டும் அநாதையாகவே கிடந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. கம்பனி செய்யாது, சபை செய்ய இயலாது என்ற நிலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் வழிவிட்டும் கல் பெயர்ந்த பாதைகள் பல அப்படியே கிடக்கின்றன. குவாட்டுக்கு உகந்த நிலமாக அவை தோன்றுவதற்குக் காரணம் இயற்கையன்று, புறக்கணிப்பு.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முச்சக்கர வண்டிகள் கவிழ்ந்து சிறுவர்கள் உட்படப் பலர் மாண்ட பின்னர், 1988இல் அமெரிக்க அரசுடன் உற்பத்தியாளர்கள் நீதிமன்ற உடன்பாட்டுக்கு வந்தனர். முச்சக்கர விற்பனை நிறுத்தப்பட்டது. பெரியவர்களுக்கான குவாட்டைப் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதில்லை என ஏற்கப்பட்டது. அவுஸ்திரேலியா 2021 ஒக்டோபர் முதல், பண்ணைகளில் பயன்படும் புதிய குவாட்களுக்கு, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் பார்வையாளர் மீது பாய்ந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். அது முறையாக அமைக்கப்பட்ட பந்தயத் தடம். கொழுந்து எடுப்போர் நடமாடும் மலையில் தடமும் இல்லை, தடுப்பும் இல்லை.

ஆகவே தடை செய்துவிடுங்கள் என்கிறேனா? இல்லை. மலைநாட்டு இளைஞனுக்குக் கொழும்புக் கடைகளில் சாமான் அடுக்கும் வேலையைத் தவிர வேறு வழி வேண்டும். உல்லாசப் பயணத் தொழில் அவ்வழிகளுள் ஒன்று. ஆனால் நிபந்தனைகள் முன்கூட்டியே எழுத்தில் வரவேண்டும். நக்கிள்ஸ் வனத்துக்குள்ளும் அதன் விளிம்பிலும் குவாட்டுக்கு இடமில்லை. கான் வெட்டிய சரிவிலும் லயத்துக்குச் செல்லும் பாதையிலும் இடமில்லை. கைவிடப்பட்ட சமநிலத்தில், வடிகால் அமைத்து, சுற்றிலும் தடுப்பிட்டு, ஒரே தடத்தில் ஓடட்டும். தலைக்கவசம், பயிற்சி, வயது வரம்பு, காப்புறுதி ஆகிய நான்கும் இன்றி எவரும் ஏறலாகாது. ஒவ்வொரு சீட்டிலிருந்தும் ஒரு பங்கு, அத்தோட்டத்துப் பாதைக்கென்று தனிக்கணக்கில் சேரவேண்டும். அக்கணக்கைத் தோட்டத்து மக்களின் பிரதிநிதிகளும் பார்க்கும் உரிமை வேண்டும்.

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. உபவிதி இயற்றும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு உண்டு. பன்விலைப் பக்கத்துத் தோட்டத் தமிழரும் வாக்களித்தே அவற்றைத் தெரிவுசெய்தார்கள். சாகச ஓட்டத்தின் முதலாவது சீட்டு விற்கப்படும் முன்பே அந்த உபவிதி எழுதப்பட வேண்டும். வெளிநாடுகளிலிருந்து வத்துகாமத்துக்கும் மடுல்கலைக்கும் விடுமுறையில் வரும் நம்மவர்களும், குவாட்டில் ஏறுமுன் ஒரு கேள்வி கேட்கலாம்: நான் தரும் கட்டணத்தில் இந்தப் பாதைக்கு எவ்வளவு? பதில் கிடைக்காத இடத்தில் சீட்டு வாங்காதீர்கள்.