நடந்ததைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைக் கடக்காமல் செல்ல முடியாது. முட்டைக்கும் லாரிக்கும் பெயர்பெற்ற நாமக்கல், ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோடு, லாரித் தொழிலாலேயே வளர்ந்த சங்ககிரி என்று இச்சமவெளியின் பொருளாதாரமே சக்கரத்தின் மேல்தான் உருண்டுகொண்டிருக்கிறது. விபத்துக் கதை பேசப்படாத தேநீர்க் கடை இங்கு இல்லை. எந்த வளைவில், எந்த நேரத்தில், எத்தனையாவது இரவுக் கண்விழிப்பில் என்று நுணுக்கமாகச் சொல்வார்கள். அதே கதை காவல் நிலையத்துத் தாளில் ஏறும்போது ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதால்’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2)ஆம் பிரிவு, கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுக் காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பியோடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுகள்வரை சிறை என்றது. 2024 ஜனவரி முதல் நாள்களில் வட மாநிலங்களில் லாரிகள் நின்றன; பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓட்டுநர்கள் தண்டனைக்கு அஞ்சினார்கள் என்பது உண்மை. அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. அது கூட்டத்தைப் பற்றியது. அடிபட்டவரைத் தூக்கப்போன ஓட்டுநர் அடிவாங்கிய கதை இப்பகுதியில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒன்று இருக்கும்.

இந்த அச்சத்தைச் சட்டம் அறியாததல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் முதற்கடமை என்று கூறிவிட்டு, கூட்டத்தின் சீற்றத்தால் அது இயலாமற்போனால் விலக்கும் அளிக்கிறது. அருகில் காவலர் இல்லையெனில், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தால் போதும். அதாவது, ஓடலாம், ஓடியபின் சொல்லியாக வேண்டும். ஆனால் சொல்லப்போனவனுக்கு என்ன நேர்கிறது? வண்டி காவல் நிலைய வாசலில் நிற்கிறது, நடை போகிறது, உரிமம் போகிறது, உரிமையாளரின் தவணை நிற்கிறது. மௌனமே லாபம் என்று கணக்குச் சொல்லும் இடத்தில் கடமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆனால் மௌனத்தின் விலையைக் கட்டுபவர் வேறொருவர். இடித்த வண்டி இன்னதென்று தெரிந்தால், இறந்தவரின் குடும்பம் தீர்ப்பாயத்தில் அவருடைய வருமானத்தையும் வயதையும் கணக்கிட்டு இழப்பீடு கோரலாம். தெரியாவிட்டால் கிடைப்பது அரசின் நிர்ணயத் தொகை மட்டுமே. அது நெடுங்காலம் வெறும் 25,000 ரூபாயாக இருந்து, 2022 ஏப்ரல் முதல் 2 லட்சமாயிற்று. இருட்டில் சாலையைக் கடந்த ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைகள் படிப்பார்களா, பட்டறைக்குப் போவார்களா என்பதை ஓட்டுநர் வாய் திறப்பதும் திறவாததும் தீர்மானிக்கின்றன. ஓட்டுநர் பக்கம் நின்று பேசுகிற நாம் இதை மறந்துவிடக் கூடாது.

இதற்கும் முந்தைய மௌனம் ஒன்று உள்ளது. தொப்பூர்க் கணவாயை எடுத்துக்கொள்வோம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அச்சரிவில் 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்டு ஏற்றி வந்த லாரி பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களில் மோதி நான்கு பேர் இறந்தனர். அந்த ஒரு விபத்தின் காரணத்தை நாம் இங்கே தீர்ப்பளிக்க வரவில்லை. ஆனால் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கும் வழக்கத்தைத் தொழிலில் அறியாதவர் இல்லை. கியர் விலகினால் எஞ்சினின் பிடி போய்விடும். பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்கான காற்றும் ஊறாது. நூறு முறை உருட்டித் தப்பியவனின் நூற்றோராவது முறைதான் செய்தியாகிறது. முந்தைய நூறும் எங்கும் பதிவாவதில்லை.

உறக்கமும் அப்படித்தான். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், தொலைதூரமெனில் பத்து, ஐந்து மணி நேரத்துக்கொரு முறை அரைமணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. பொதுவாக அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஓரிரு லாரி வைத்துப் பிழைக்கும் உரிமையாளர்கள் நிறைந்த இப்பகுதியில் பலரை அது தொடவேயில்லை. 2025 மார்ச் இறுதியில் எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்கான காரணங்களில் ஒன்று, வண்டியில் மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாவிட்டால் 20,000 ரூபாய் அபராதம் என்ற ஒப்பந்த நிபந்தனை. ஆள் கிடைக்கவில்லை என்ற உரிமையாளரின் குறை பொய்யல்ல. 2012 ஆகஸ்டு 27 இரவு கண்ணூரை அடுத்த சாலாவில் டேங்கர் கவிழ்ந்து இருபது பேர் இறந்ததும் பொய்யல்ல. இரண்டாவது ஆள் என்பது வீண்செலவன்று.

விமானத் துறையில் வேறொரு வழியைக் கண்டார்கள். தவறு செய்த விமானி, பத்து நாள்களுக்குள் தானே முன்வந்து எழுதிக்கொடுத்தால், அது வேண்டுமென்று செய்த தவறோ விபத்தோ அல்லாதவரை, தண்டனையிலிருந்து விலக்குப் பெறும் முறை அமெரிக்காவில் 1976 முதல் உள்ளது. அறிக்கைகளை வாங்குவது தண்டிக்கும் துறையன்று, நாசா. எழுதியவரின் பெயர் நீக்கப்பட்டு, நிகழ்ந்தது மட்டும் பாடமாகிறது.

லாரிக்கு இது ஏன் ஆகாது? சங்கங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஓட்டுநராக இருந்து உரிமையாளரானவர்கள் அவற்றில் பலர். தூங்கிவிழ இருந்த இடம், பிரேக் பிடிக்காத சரிவு, அளவுக்கு மீறி ஏற்றச் சொன்ன சரக்கு, இரண்டு நடையை ஒரே நடையாக்கச் சொன்ன தொலைபேசிக் குரல் ஆகியவற்றை, பெயர் சொல்லாமல் ஓட்டுநர் பதிவுசெய்ய ஓர் இடம் வேண்டும். அது காவல்துறையிடமும் இருக்கக் கூடாது, உரிமையாளரிடமும் இருக்கக் கூடாது. உயிர் போன பிறகு ஓடியவனுக்கு இந்த விலக்கு பொருந்தாது. அவன் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் உயிர் போகும் முன்பே சொல்ல வந்தவனைத் தண்டிக்கிற ஊரில், போன பிறகு எவனும் வந்து சொல்லப்போவதில்லை என்பதே நம் கருத்து.