பொம்மை கலெக்‌ஷனை அடுக்க காந்தம்: நல்ல ஐடியாதான், ஆனா குட்டிப் பசங்க இருக்கிற வீட்டுல?

தேவகோட்டை, காரைக்குடி பக்கம் பழைய வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கப் பெரியவர்கள் லேசில் விடமாட்டார்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர் அது. டபுள் சைடு டேப் ஒட்டினால், எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரலாம். ஹாட் வீல்ஸ் கார், ஆக்‌ஷன் ஃபிகர் என்று சேர்த்து வைத்திருக்கும் இன்றைய தலைமுறை அதையெல்லாம் எங்கே அடுக்குவது?

காந்தம் இதற்கு நல்ல வழி. மாடத்திலோ மேஜையிலோ ஓர் இரும்புத் தகட்டைச் சாய்த்து வைத்தால் போதும், சுவரைத் தொடவே வேண்டாம்.

பசை ஏன் கூடாது?

இன்ஸ்டன்ட் பசையின் ஆவி பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும். பிய்த்தால் பெயின்ட் போகும், பொம்மையின் மதிப்பும் போகும். காந்தம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். முடிந்தவரை காந்தத்தை ஸ்டாண்டில் ஒட்டுங்கள், பொம்மையில் ஒட்டாதீர்கள்.

எதில் ஒட்டும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் தகரப் பொம்மை, எனாமல் தட்டு இரண்டிலும் இருப்பது இரும்பு. காந்தம் நேரடியாகவே பிடிக்கும். கீறல் விழாமல் இருக்க நடுவில் மெல்லிய துணி வையுங்கள். டை காஸ்ட் கார்களின் பாடி துத்தநாகக் கலவை என்பதால் ஒட்டாது. ஆனால் சக்கரத்தை இணைக்கும் கம்பி ஸ்டீல், அதைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். மரப்பாச்சி வெறும் மரம். காந்தம் பதிக்கிறேன் என்று அதில் துளை போட்டுவிடாதீர்கள். எவர்சில்வரிலும் பல வகைகளில் ஒட்டாது. வாங்கும் முன் ஃப்ரிட்ஜ் மேக்னெட் ஒன்றை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

2 கிலோ தாங்கும்னு போட்டிருக்கே, ஏன் வழுக்குது?

அந்த அளவு, தடிமனான இரும்பிலிருந்து நேராக இழுக்கும்போது கிடைப்பது. தகடு செங்குத்தாக நின்றால் எடை கீழ்நோக்கி இழுக்கும், உராய்வு மட்டும்தான் தடுக்கும். தகடு மெல்லிசாக இருந்தாலோ மேலே பெயின்ட் இருந்தாலோ பிடிப்பு இன்னும் குறையும். அடியில் சின்ன விளிம்பு ஒன்று கொடுத்தால் பிரச்சினை தீரும்.

உண்மையான ஆபத்து எங்கே?

இதற்குப் பயன்படும் நியோடிமியம் காந்தங்கள் மிளகு அளவிலும் கிடைக்கின்றன, ஆனால் இழுவிசை அதிகம். ஒரு குழந்தை இரண்டை விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி அவை ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் சிக்கும் குடல் சுவர் ஓட்டையாகலாம். ஆரம்பத்தில் சாதாரண வயிற்றுவலி, வாந்தி போலத்தான் தெரியும். காசை முழுங்கினால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கிற பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். சந்தேகம் வந்தாலே எமர்ஜென்சிக்குப் போங்கள், 'காந்தம்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருக்கும் பெரியவர்களும் இவற்றை நெஞ்சருகே கொண்டுபோகக் கூடாது.

சட்டம் என்ன சொல்லுது?

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் தனியாக, பாக்கெட்டில் விற்கும் காந்தம் 'பொம்மை' கணக்கில் வராது. வீட்டுக்குள் வந்த பிறகு இரண்டும் இருப்பது ஒரே ஷெல்ஃபில்தான். குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனவே இந்தப் பாக்கெட்டுகளிலும் எச்சரிக்கை வாசகம் தமிழில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அரசு இதைக் கட்டாயமாக்குவது பெரிய செலவு பிடிக்கிற வேலை இல்லை.

அதுவரை பொறுப்பு நம்முடையது. வெளியே பிதுங்காதபடி காந்தத்தைப் பதித்து மூடுங்கள். மிச்சத்தைப் பூட்டி வையுங்கள். எத்தனை வாங்கினோம், எத்தனை இருக்கிறது என்று மாதம் ஒருமுறை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.