சரக்கு இறங்கும் இடத்திலேயே சோதனை வேண்டும்

வெல்லம் பளிச்சென்று வெளுத்திருந்தால் வாடிக்கையாளர் கேட்டு வாங்குகிறார். அது ஹைட்ராஸ் போட்டு வெளுத்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல, முப்பது வருஷம் மண்டி நடத்தியவராலும் இயலாது. அதிகாரி மாதிரி எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. தரக்குறைவு என்று முடிவானால், 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 51-ஆம் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் உண்டு. காய்ச்சியவர் கலந்ததற்கு, வைத்து விற்றவரும் பதில் சொல்ல வேண்டும்.

அரசுப் பகுப்பாய்வுக் கூடங்கள் நமக்குக் கிட்டத்தில் மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் உள்ளன. அறிக்கை தரச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள். அதற்குள் விருதுநகரில் இறங்கிய மூட்டை சாத்தூர், சிவகாசிக் கடைகளில் விற்றே தீர்ந்திருக்கும்.

இதற்கு ‘பயோசென்சர்’ என்றொரு வழி இருக்கிறது. சர்க்கரை நோயாளி ஒரு சொட்டு ரத்தத்தில் அளவு பார்க்கும் கருவியின் உறவுதான் அது. மின்முனையோடு நொதியைச் சேர்க்கும் இந்த யோசனையை 1962-இல் அமெரிக்காவில் கிளார்க், லயன்ஸ் இருவரும் வெளியிட்டார்கள். மத்தாப்பு எரியும்போது மூக்கைத் துளைக்கும் கந்தக டையாக்சைடு சிவகாசிக்காரருக்குப் புதிதல்ல. உணவில் அது சல்பைட்டாகத் தங்கி, ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டும். சல்பைட் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சல்பேட்டாக மாற்றும்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை, கருவி மின்னோட்டமாகக் காட்டும். ஊறுகாயில் சேர்க்கும் பென்சோயேட்டுக்கு வழி நேர்மாறு: அது டைரோசினேஸ் நொதியின் வேலையைத் தடுக்கும், மின்னோட்டம் குறைவதைக் கொண்டு அளவு கணக்கிடுவார்கள்.

ஆனால் கருவி விற்க வரும் ஏஜெண்டின் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான் நிற்கின்றன. நொதி சூட்டில் வலுவிழக்கும். நம்மூர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக் குடோன் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். டைரோசினேஸை வேறு பொருள்களும் தடுக்கும் என்பதால், நல்ல ஊறுகாயையும் கருவி தவறாகக் காட்டிவிடலாம். வழக்கு என்று வந்தால் பகுப்பாய்வாளர் அறிக்கைதான் செல்லும், கருவி காட்டிய எண் செல்லாது.

ஆகவே நம் சரக்கை, நம் வெயிலில் வைத்தே சோதித்துப் பார்க்க வேண்டும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதைக் கொண்டுவந்த அழகப்பச் செட்டியாரும் ஒரு வியாபாரியே. நாம் போய்க் கேட்பதில் தயக்கம் என்ன? அடுத்த செயற்குழுவிலேயே கடிதம் எழுதத் தீர்மானிக்கலாம். அதுவரை பில் இல்லாத வெல்லத்தை இறக்க வேண்டாம். 26-ஆம் பிரிவின்படி, அந்தப் பில்லே விற்றவர் தரும் எழுத்து உத்தரவாதமாகக் கருதப்படும்.