பயமுறுத்தாத ஒரு பேய்க் கதை

பேய்க் கதை என்றாலே, "ராத்திரி அலறப் போகிறது" என்று குழந்தை கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி வைக்கிற தாய்மார்கள் நம்மில் அதிகம். இந்த முறை நான் சொல்லப் போகும் புத்தகத்தை அப்படிப் பிடுங்காதீர்கள், சகோதரிகளே. முடிந்தால் பெண்ணுக்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள்.

புத்தகத்தின் பெயர் 'வென் மார்னி வாஸ் தேர்'. ஜோன் ஜி. ராபின்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதி 1967-ல் வெளிவந்தது. ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி 2014-ல் இதைப் படமாகவும் எடுத்தது. படத்தில் கதை ஹொக்கைடோவில் நடக்கிறது. புத்தகத்தில் நடப்பதோ இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில்.

அன்னா தாய், தகப்பன், பாட்டி எல்லோரையும் இழந்த பெண். லண்டனில் ப்ரெஸ்டன் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். சாப்பாடு, துணிமணி எதற்கும் குறைவில்லை. ஆனாலும் பெண் சிரிப்பதில்லை, யாரோடும் ஒட்டுவதில்லை. போதாததற்கு ஆஸ்துமா வேறு. நல்ல காற்றுப் படட்டும் என்று கடலோரக் கிராமத்தில் தெரிந்தவர்கள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அங்கே உப்பங்கழிக் கரையில் ஒரு பழைய மாளிகை. அதில் மார்னி என்று ஒரு பெண். இரண்டு பேரும் படகில் போகிறார்கள், ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். அன்னா பொறாமைப்படும் அந்தப் பணக்காரப் பெண்ணைப் பெற்றோர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயாவும் வேலைக்காரியும் பாடாய்ப் படுத்துகிறார்கள். மார்னி யார், அன்னாவின் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிந்தாள் என்பதை நான் சொல்லமாட்டேன். அவள் அந்நியள் இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனசை உலுக்கியது பேய் இல்லை. ஒரு சின்ன விஷயம். தன்னை வளர்ப்பதற்காக ப்ரெஸ்டன் வீட்டுக்கு அரசாங்கத்திலிருந்து பணம் வருகிறது என்பது அன்னாவுக்குத் தற்செயலாகத் தெரிந்துவிடுகிறது. 'அப்படியானால் இவர்கள் காட்டும் பிரியம் காசுக்காகவா?' என்று உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறாள். பாவம், அந்த அம்மாளோ குழந்தை மனசு நோகுமே என்றுதான் அதை மறைத்து வைத்திருக்கிறாள்! ஒருத்தி நோகக்கூடாது என்று மறைக்க, இன்னொருத்தி மறைத்ததாலேயே நோகிறாள். கடைசியில் ப்ரெஸ்டன் அம்மாளே வாய் திறந்து உள்ளதைச் சொன்ன பிறகுதான் பெண்ணுக்கு மூச்சு விட முடிகிறது.

நம் வீடுகளிலும் இது நடக்கிறதுதானே? தத்தெடுத்த குழந்தை, பாட்டி வீட்டில் வளர்கிற குழந்தை, அப்பா மறுமணம் செய்துகொண்ட வீட்டுக் குழந்தை... "அதுக்கு என்ன தெரியும்" என்கிறோம். அதுக்கு எல்லாம் தெரியும். உறவுக்காரர்கள் அடுப்படியில் குசுகுசுப்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும். அடுத்தவர் வாயிலிருந்து வந்தால் அது வம்பு. நம் வாயிலிருந்து வந்தால் அது நம்பிக்கை. சின்ன வயசிலேயே, கதை சொல்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று. செத்துப்போன அம்மா மேலும் பாட்டி மேலும் அன்னாவுக்குக் கோபம், 'ஏன் என்னை விட்டுப் போனார்கள்' என்று. நம் பிள்ளை அப்படிக் கேட்டால், "சீ, தப்பு, அப்படிச் சொல்லாதே" என்று வாயை அடைப்போம். இங்கே அந்தக் கோபத்தைக் கேட்க ஒரு சிநேகிதி கிடைக்கிறாள். கோபம் தீர்ந்த பிறகு மன்னிப்பு தானாக வருகிறது. அதற்கப்புறம்தான் அவள் மற்றக் குழந்தைகளோடு கலந்து, புதிதாக வாழ ஆரம்பிக்கிறாள்.

பதினொன்று, பன்னிரண்டு வயசுப் பெண்கள் படிக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். பணத்தைப் பற்றி வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, "உனக்கும் என்னிடம் கேட்கணும் என்று ஏதாவது இருக்கா, கண்ணு?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. காத்திருங்கள்.