முதலில் தண்ணீர், பிறகு போதனை

உப்பளத்துப் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கங்களே இல்லை என்னும் குறையை நாம் கூட்டங்கள்தோறும் கேட்கிறோம். பல் துலக்குவதில்லை, கை கழுவாமல் உண்கிறார்கள், நகம் வெட்டுவதில்லை, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பதில்லை என்று பட்டியல் நீள்கிறது. அதை வாசிப்பவர் பெரும்பாலும் வீட்டுக்குள் குழாய் உள்ளவர். அனுமந்தைப் பக்கம் ஒரு விடியற்காலையேனும் நின்று பார்த்தவர் அவ்வளவு எளிதாக வாசித்துவிட மாட்டார்.

மரக்காணம் உப்பளங்களில் வேலை, வெயிலுக்கு முந்த வேண்டிய வேலை. கோடையில் உப்பு வாரச் செல்லும் தாய் இருள் பிரியுமுன் புறப்பட்டுவிடுகிறாள். குழந்தை கண் விழிக்கையில் அருகிலிருப்பது பாட்டி; அவளும் இல்லையெனில் எட்டு வயது அக்காள். நிலத்தடி நீரில் உவர் ஏறிய கடலோரத்தில் நல்ல தண்ணீர் குடத்தில் அளந்து வைக்கப்படுகிறது. மூன்று வயதுப் பிள்ளை அதை மொண்டு கை கழுவினால் கிடைப்பது பாராட்டன்று, முதுகில் ஓர் அடி. தண்ணீரைத் தொடக் கூடாது என்ற பாடத்தை அது நன்றாகவே கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு நாம் போய்ச் சுகாதாரம் போதிக்கிறோம்!

எல்லாப் பழியையும் தாயின் தலையில் ஏற்றுவதும் நமக்குப் பழகிவிட்டது. தந்தை எங்கே? உண்ட தட்டை அப்படியே விட்டு எழுந்து, வாசலில் எச்சில் உமிழும் தந்தையைப் பிள்ளை நாள்தோறும் பார்க்கிறது. அதற்கு வேறு ஆசிரியர் தேவையா?

1907 சனவரியில், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கும் பெற்றோர் பகலெல்லாம் வேலைக்குப் போனவர்கள். அம்மையார் அப்பிள்ளைகளுக்குச் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவர்கள் உயரத்துக்கு மேசையும் நாற்காலியும் செய்வித்தார். சிறு கைகளுக்கேற்ற பொருள்களை எட்டும் இடத்தில் வைக்கச் செய்தார். கை கழுவுவதும் தண்ணீர் ஊற்றுவதும் அவரது முறையில் பாடங்களே. பெரியவர் மெதுவாக, அதிகம் பேசாமல் செய்து காட்ட வேண்டும். பிறகு பிள்ளை தானே செய்ய விட வேண்டும், சிந்தினாலும் பரவாயில்லை. 1939இல் அவர் இதே கடற்கரையின் வடக்கே அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். ஏழைப் பிள்ளைகளிடையே தொடங்கிய அந்த முறையின் பெயர் இன்று மின்னுவதோ கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில்.

கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஓராண்டுக் காலம் வாரந்தோறும் வீடு தேடிச் சென்று கை கழுவுமாறு ஊக்கினார்கள். சோப்பையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவ்வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்டோரிடையே நிமோனியா, ஏனைய வீடுகளை நோக்கப் பாதியாக இருந்தது. சோப்புக் கொடுப்பதையும் வாரந்தோறும் போவதையும் விட்டுவிட்டு, நாமோ அக்டோபர் 15 அன்று உலகக் கை கழுவும் நாள் ஊர்வலம் நடத்துகிறோம். பதாகை பிடித்த பிஞ்சுக் கைகளைக் கழுவக் குழாய் இருந்ததா என்று கேட்பார் இல்லை. பழக்கம் ஒரு நாள் விழாவில் வந்துவிடாது; பாத்தியில் நீர் கட்டி நாள் கணக்கில் காத்திருக்கும் உப்பளத்தாருக்கு இதை நாம் விளக்கவும் வேண்டியதில்லை.

நமக்குக் கைவந்த இன்னொரு வழி அச்சுறுத்தல். பூச்சாண்டி வருவான், ஊசி போட்டுவிடுவார்கள், சாமி கண்ணைக் குத்தும்! மறைக்கல்வி வகுப்பிலும் இச்சொற்கள் ஒலிக்கின்றன என்பது வெட்கக்கேடு. ஊசியைக் காட்டி மிரட்டப்பட்ட பிள்ளை தடுப்பூசி நாளில் அலறி ஓடுகிறது. கண்ணைக் குத்தும் கடவுளிடம் அது எப்படி அன்பு கொள்ளும்? குழந்தைகளைத் தம்மிடம் அழைத்து அணைத்துக்கொண்டவரின் பெயரால் இந்தப் பொய்யைச் சொல்ல நமக்கு உரிமை தந்தவர் யார்?

"நாங்கள் இவ்வளவு வசதியிலா வளர்ந்தோம்?" என்பார் சிலர். இல்லைதான். ஆனால் கிணற்றடியில் நம்மை நிறுத்திக் காலைத் தேய்த்துவிட ஒரு கை இருந்தது. அந்தக் கை இன்று உப்பளத்தில் இருக்கிறதெனில், அதன் இடத்தை ஊர்தான் நிரப்ப வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25 அன்று விரிவாக்கப்பட்டது. பிள்ளைகள் உண்ணுமுன்னே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். பல் துலக்கவும் கை கழுவவும் இதைவிட ஏற்ற வேளை ஏது? ஆசிரியர் கட்டளையிட்டு நிற்காமல், தாமும் அவர்களோடு நின்று கழுவட்டும். அங்கன்வாடியிலும் இதுவே நடக்கட்டும்.

நம் பங்குகள் திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் விளக்குகளில் ஒரு வரிசையைக் குறைத்தாலே போதும். அடியில் குழாய் பொருத்திய ஒரு வாளி, மூன்று வயதுக் கைக்கு எட்டும் உயரத்தில். பக்கத்தில் பழைய மீன்வலைத் துண்டில் கட்டித் தொங்கவிட்ட ஒரு சோப்பு. வாளியைக் காலைதோறும் நிரப்ப, முறை வைத்து ஒருவர். அந்த முறையில் முதற்பெயர் ஆண்களுடையதாக இருக்கட்டும்.